டில் பிக்கிள்: உப்புத் தண்ணீரில் வெள்ளரி புளிப்பது எப்படி

பர்கருக்குள் வட்ட வட்டமாக, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், புளிப்பும் உப்புமாக ஒன்று இருக்குமே, அதைப் பார்த்ததும் எடுத்து ஓரமாக வைத்துவிடுபவர்கள் ஒரு கட்சி. பக்கத்தில் இருப்பவர் ஓரமாக வைத்ததையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இன்னொரு கட்சி. இந்தக் கட்டுரை இரண்டாவது கட்சிக்கு. அதன் பெயர் டில் பிக்கிள். டில் என்கிற வாசனைக் கீரையைப் போட்டு ஊறவைத்த வெள்ளரிப்பிஞ்சு. வீட்டிலேயே போடலாம், செலவும் அதிகமில்லை. அடுப்புகூடப் பற்றவைக்க வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டில் பிக்கிள் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பண்டங்கள் உலாவுகின்றன. சூப்பர் மார்க்கெட் பாட்டிலில் வருவது பெரும்பாலும் வினிகரில் போட்டது. வெள்ளரியை அடுக்கி, வினிகரும் தண்ணீரும் உப்பும் கலந்து ஊற்றி, சூடாக்கி மூடிவிடுவார்கள். அதில் இருக்கும் புளிப்பு முழுக்க வெளியிலிருந்து ஊற்றியது. இன்னொரு வகையில் வினிகருக்கு வேலையே இல்லை. வெள்ளரி, தண்ணீர், உப்பு, பூண்டு, டில். அப்படியே சில நாள் விட்டால் தானாகப் புளித்துக்கொள்ளும். போலந்து, உக்ரைன், ரஷ்யா, லிதுவேனியா பக்கம் வீட்டுக்கு வீடு போடுவது இந்த இரண்டாவது வகைதான். அங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதர்கள், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் மரப்பீப்பாய்களில் போட்டு விற்றார்கள். அங்கே எசெக்ஸ் தெரு ஊறுகாய்க் கடைகளுக்குப் பேர்போனதாக இருந்தது. பூண்டு தூக்கலாகப் போட்டு 'கோஷர் டில்' என்று அமெரிக்காவில் விற்பது அந்த வழியில் வந்ததுதான். கோஷர் என்றால் யூதர்களின் உணவு விதிப்படி அமைந்தது.

இரண்டையும் ருசித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். வினிகர் பிக்கிள் நாக்கில் சுள்ளென்று ஏறி மூக்குவரை போகும். தானாகப் புளித்தது அப்படிக் குத்தாது. புளிப்பு மெதுவாக வரும், பூண்டு வாசனை உள்ளே வரை இறங்கியிருக்கும். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான், ஏனென்றால் அதில் புரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இருக்கிறது. வினிகர் வகை ஒரு குறுக்குவழி. அதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

உப்புக்கு என்ன வேலை

மாவடு போட்ட வீடுகளில் உப்பின் வேலையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வடுவில் உப்பைக் கொட்டிக் குலுக்கி வைத்தால் மறுநாளே தண்ணீர் விட்டு, காய் சுருங்கத் தொடங்கிவிடும். அதில் உப்பு அவ்வளவு அதிகம் என்பதால் நுண்ணுயிர் பெரிதாக எதுவும் வாலாட்ட முடியாது. புளிப்பு ஏற்கெனவே மாங்காயிலேயே இருக்கிறது, உப்பு அதைக் காப்பாற்றி வைக்கிறது. வெள்ளரி விஷயம் வேறு. வெள்ளரிக்குச் சொந்தப் புளிப்பு கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். புளிப்பை யாராவது உண்டாக்கித் தரவேண்டும். உண்டாக்கித் தருவது பாக்டீரியா.

வெள்ளரித் தோலின்மேல் எப்போதும் பலவகை நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் அழுகவைக்கும் கூட்டம் பெரியது. லாக்டிக் அமிலம் தயாரிக்கும் கூட்டம் சிறியது. சும்மா தண்ணீரில் போட்டு வைத்தால் பெரிய கூட்டம் முந்திக்கொண்டு காயை நாறடித்துவிடும். தண்ணீரில் உப்பைச் சேர்த்து, காற்றுப் படாமல் காயை உள்ளே அமுக்கி வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. அழுகவைக்கும் கூட்டத்தில் பலவற்றுக்கு உப்பு ஆகாது, சிலவற்றுக்குக் காற்று இல்லாமல் முடியாது. லாக்டிக் அமிலக் கூட்டமோ இரண்டையும் தாங்கும். காயிலிருந்து உப்பு இழுத்துவரும் சர்க்கரையைத் தின்று பெருகி, அமிலத்தை வெளியே விடும். அமிலம் ஏற ஏற மிச்சம் மீதி எதிரிகளும் ஒழிவார்கள். இந்தப் புளிப்பு உயிருள்ள கிருமிகளின் வேலை என்று லூயி பாஸ்தர் 1857-இல் எழுதியபோதுதான் அறிவியலுக்கு அது உறைத்தது. பீப்பாயில் வெள்ளரி போட்ட கிழவிகள் காரணம் தெரியாமலேயே அதைப் பல தலைமுறையாகச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் நமக்கு அந்நியரே இல்லை. லியூக்கோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்று வாயில் நுழையாத பெயர், ஆனால் இட்லி மாவை இரவோடு இரவாகப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். காய்கறிகளை உப்பில் புளிக்கவைக்கும்போது ஆரம்ப நாட்களில் குமிழி விடுவதும் அதன் வேலைதான். புளிப்பு ஏறியதும் அது ஒதுங்கிக்கொள்ள, லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற இன்னொன்று பொறுப்பேற்று வேலையை முடிக்கும். வெளியிலிருந்து எந்த உறையும் ஊற்ற வேண்டியதில்லை. காயோடு வந்தவையே போதும். அதனால்தான் காயைச் சோப்புப் போட்டோ வெந்நீரிலோ கழுவக் கூடாது. மண் போகக் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் சரி.

ஆக, உப்பின் அளவுதான் இந்த ஊறுகாயின் சாவி. குறைந்தால் அழுகல் கூட்டம் ஜெயிக்கும். கூடினால் நல்ல கூட்டமும் முடங்கிப்போய், உப்பு வெள்ளரிதான் மிஞ்சும், புளிக்காது.

அளவு: கண்ணளவு வேண்டாம், தராசு வேண்டும்

நம் ஊறுகாய்க்குக் கைப்பிடிக் கணக்கு சரிப்படும். கூடக்குறைய இருந்தாலும் எண்ணெயும் மிளகாயும் சமாளித்துக்கொள்ளும். இங்கே அது நடக்காது. ஒரு மேசைக்கரண்டி தூள் உப்பு சுமார் 18 கிராம் நிற்கும். அதே கரண்டியில் கல் உப்பை அள்ளினால் கல்லின் பருமனுக்கேற்ப எடை மாறிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'ரெண்டு ஸ்பூன் உப்பு' என்று படித்துவிட்டுச் செய்தவர்களுக்கு ஒருமுறை உப்புக் கரிப்பதும் மறுமுறை கொழகொழப்பதும் இதனால்தான். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் முறைக்கு நான் சொல்லும் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய 5 சதவீதம். கேட்க அதிகமாகத் தோன்றும். ஆனால் இந்த உப்பு முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடாது. வெள்ளரிக்குள் இருக்கும் தண்ணீரும் இதில் பங்காளி. அரைக் கிலோ காயை அரை லிட்டர் உப்புநீரில் போட்டால், சில நாட்களில் உப்பு இரண்டுக்கும் சமமாகப் பரவி, கடைசியில் காயில் நிற்பது இரண்டரைச் சதவீதம் அளவுதான். உப்புநீரை முதல் நாள் நக்கிப் பார்த்துவிட்டு பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

லேசாகப் புளித்ததும் எடுத்துத் தின்னும் 'ஹாஃப் சவர்' வகைக்கு நியூயார்க்கில் உப்பு குறைவாகப் போடுவார்கள், லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை. போலந்தில் கோடைகாலம் வந்தால் இப்படிச் சில நாளே ஊறிய வெள்ளரி எல்லார் வீட்டு மேசையிலும் இருக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு நான் 50-ஐவிடக் குறைக்கச் சொல்லமாட்டேன். சூடு கூடினால் எல்லாக் கிருமிகளுக்கும் வேகம் கூடும், கெட்டவற்றுக்கும் சேர்த்து.

எந்த உப்பு? கல் உப்பு நன்றாகவே வரும். பொடித்துக் கரைத்து, அடியில் தூசி தங்கினால் வடிகட்டிக்கொள்ளலாம். தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் தண்ணீரைக் கொஞ்சம் கலங்கலாக்கும், வேறு கெடுதல் இல்லை. அயோடின் இருந்தால் புளிக்காது என்று சிலர் மிரட்டுவார்கள், வீட்டு அளவில் அதெல்லாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. தண்ணீருக்குக் கேன் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், காய் கறுத்துவிடும்.

காயும் கீரையும்

சாலட்டுக்கு வாங்கும் நீளமான வெள்ளரி இதற்கு ஆகாது. அதில் விதையும் தண்ணீரும் ஜாஸ்தி, ஊறினால் தொளதொளவென்று ஆகிவிடும். வெளிநாடுகளில் பளபளப்புக்காக மெழுகு பூசி விற்பார்கள், அதில் உப்புநீர் இறங்கவே இறங்காது. வேண்டியது விரல் நீளம் முதல் நான்கு அங்குலம் வரை உள்ள, கெட்டியான, மேல்தோலில் சின்னச் சின்ன முண்டு முண்டாக இருக்கும் பிஞ்சு. பேருந்து நிலையத்தில் கூறு கட்டி விற்கும் வெள்ளரிப்பிஞ்சு தாராளமாகச் சரிப்படும், அன்று பறித்ததாக இருந்தால். பறித்து ஒரு நாளைக்குள் உப்புநீரில் இறக்கிவிடுவது உத்தமம். வாடிப்போன காயை எந்த வித்தை செய்தும் மொறுமொறுப்பாக்க முடியாது. லேசாக வாடியிருந்தால் ஐஸ் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்துப் பாருங்கள்.

வெள்ளரியின் பூர்விகமே இந்தியாதான், இமயமலை அடிவாரத்தில் அதன் காட்டு வகை இன்றும் வளர்கிறது. அப்படியிருந்தும் இந்த ஊறுகாய் இங்கே பிறக்கவில்லை. ஆனால் காய் இங்கிருந்துதான் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கிய கெர்கின் (ஊறுகாய்க்கென்றே வளர்க்கும் வெள்ளரிப்பிஞ்சு) சாகுபடி பிறகு தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா என்று பரவியது. 2020-21 நிதியாண்டில் மட்டும் இந்தியா 2 லட்சத்து 23 ஆயிரம் டன்னுக்கு மேல் வெள்ளரியும் கெர்கினும் ஏற்றுமதி செய்தது, இதில் உலகிலேயே பெரிய ஏற்றுமதியாளர் இந்தியா என்று அரசே அறிவித்தது. அப்போதைய அரசுக் கணக்குப்படி சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள் ஒப்பந்த முறையில் 65,000 ஏக்கரில் பயிரிட்டார்கள். காய் வினிகரிலோ உப்புநீரிலோ ஊறிய நிலையில் கப்பல் ஏறும். வெளிநாட்டில் பர்கர் கடிக்கும் உறவினருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள். கெர்கின் விளையும் பகுதியில் உங்களுக்குத் தெரிந்த விவசாயி யாராவது இருந்தால் அந்தப் பிஞ்சைக் கேட்டு வாங்குங்கள், இதற்கென்றே பிறந்த காய் அது.

அடுத்தது டில். நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று கேட்டால் கிடைப்பது இந்தச் செடியின் விதைதான். தட்டையாக, பழுப்பு நிறத்தில், ஓரம் வெளிறி இருக்கும். கிரைப் வாட்டரில் சேர்க்கும் எண்ணெய் இதிலிருந்து எடுப்பதுதான் என்பதால் முகர்ந்ததும் கைக்குழந்தை ஞாபகம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கீரையாக வேண்டுமென்றால் பெங்களூரில் சந்தைக்குச் சந்தை சப்சிகே என்று கட்டுக் கட்டாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் ஓசூர் பக்கமும் பெரிய நகரத்துக் காய்கறிக் கடைகளிலும் தேடலாம். ஐரோப்பாவில் இதற்குப் போடுவது இளங்கீரையைவிடப் பூவும் பச்சை விதையுமாக இருக்கும் குடைக்கொத்தைத்தான். அதில்தான் வாசனை முழுமையாக இருக்கும். நமக்கு அது எளிதில் கிடைக்காது என்பதால் கீரை ஒரு கைப்பிடி, விதை ஒரு தேக்கரண்டி என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது நல்ல வழி. கீரை தரும் வாசனையும் விதை தரும் வாசனையும் ஒன்றல்ல. கீரையில் புல்வாசம், விதையில் சீரகத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரு சூடான வாசம். கீரை கிடைக்காவிட்டால் விதையை மட்டும் போட்டும் செய்யலாம், சோம்பைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது வேறு ஊறுகாய் ஆகிவிடும்.

போடும் முறை

ஒரு லிட்டர் பிடிக்கும், வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்று. பீங்கான் ஜாடியும் சரி. உலோகப் பாத்திரம் வேண்டாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து அரித்துவிடும். அரைக் கிலோ வெள்ளரிப்பிஞ்சு, அரை லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, நசுக்கிய பூண்டு ஐந்தாறு பல், டில் கீரையும் சதகுப்பையும் மேலே சொன்னபடி, பத்துப் பதினைந்து மிளகு, ஒரு தேக்கரண்டி கடுகு, விருப்பமிருந்தால் இரண்டு வரமிளகாய், ஒரு பிரிஞ்சி இலை.

வெள்ளரியில் இரண்டு முனை உண்டு, காம்பு முனையும் பூ இருந்த முனையும். காம்புப் பக்கத்தை வெட்டித் தேய்த்துக் கசப்பு எடுக்கும் வழக்கம் நமக்குப் பழகினது. பிக்கிளுக்கு முக்கியம் எதிர்முனை. பூ காய்ந்து உதிர்ந்த அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் பூஞ்சைகளின் நொதிகள், காயின் கெட்டித்தன்மைக்குக் காரணமான பெக்டினைக் கரைத்துவிடும். மெல்லிய வில்லையாக, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு அந்த முனையைச் சீவி எறிந்துவிடுங்கள். ஊறுகாய் கொழகொழத்துப் போவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விடுவதுதான். ரஷ்யாவில் ஓக், செர்ரி, பிளாக்கரன்ட் இலைகளைச் சேர்த்துப் போடுவார்கள். அந்த இலைகளின் துவர்ப்புச்சத்து காயைக் கெட்டியாக வைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இங்கே அந்த இலைகளுக்குப் பதில் ஒரு சிட்டிகை தேயிலையைச் சேர்ப்பவர்கள் உண்டு. பூ முனையைச் சரியாகச் சீவிவிட்டால் இது கட்டாயமில்லை. ஆக்ரா பேட்டா மிட்டாய்க்குப் பூசணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பதுபோல இதற்கும் செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சுண்ணாம்பு காரம், அது புளிப்பை முறித்துவிடும். இங்கே பாதுகாப்பே புளிப்பில்தான் இருக்கிறது.

உப்பைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் அடியில் பாதி டில், பாதி பூண்டு, மசாலா. அதன்மேல் காய்களைச் செங்குத்தாக, நெருக்கி அடுக்குங்கள். நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மிதக்காமல் நிற்கும். மேலே மீதி டில், பூண்டு. காய் முழுக்க மூழ்கும்படி உப்புநீரை ஊற்றுங்கள். மேலே இரண்டு விரல்கடை காலி இடம் இருக்கட்டும், பொங்கும்.

இனி கனம் வைக்க வேண்டும். ஒரு காயின் நுனி மேலே தலைகாட்டினாலும் பூஞ்சணம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பாட்டில் வாய்க்குள் போகிற சின்னக் கண்ணாடிக் கிண்ணமோ, ஜிப் பையில் நிரப்பிய உப்புநீரோ கனத்துக்கு ஆகும். பையில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டையானால் பாட்டிலில் உப்பின் அளவு குறைந்துவிடும். மூடியை இறுக்கி மூடாமல் லேசாகத் திருகி வையுங்கள், உள்ளே கார்பன் டை ஆக்சைடு உண்டாகும், அது வெளியேற வழி வேண்டும். இறுக்கி மூடித்தான் ஆக வேண்டுமென்றால் தினம் ஒருமுறை திறந்து காற்றை விடுங்கள். பாட்டிலை ஒரு தட்டின்மேல் வைத்தால் வழிவதைத் துடைக்கும் வேலை மிச்சம்.

நாளுக்கு நாள்

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய வீட்டு உணவுப் பதப்படுத்தல் மையம், 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மூன்று நான்கு வாரம் புளிக்கவிடச் சொல்கிறது. 27 டிகிரியைத் தாண்டினால் காய் மெதுமெதுவென்று ஆகிவிடும் என்றும் எச்சரிக்கிறது. அவர்கள் உப்பும் நான் சொன்னதைவிடக் கூடுதலாகப் போடுகிறார்கள், கூடவே கொஞ்சம் வினிகரும் சேர்க்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் 24 டிகிரிக்கு எங்கே போவது? எனவே நாம் வேறு கணக்குப் போட வேண்டும். வெளியே கொஞ்ச நாள், பிறகு ஃபிரிட்ஜ். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் பொறாமைப்படத் தக்கவர்கள், அவர்கள் வாரக்கணக்கில் வெளியே வைக்கலாம். மற்றவர்கள் மார்கழி, தையில் முதல் பாட்டிலைப் போடுவது புத்திசாலித்தனம். கோடையில்தான் போடுவேன் என்றால் ஒரு தொட்டித் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

முதல் நாள் ஒன்றும் நடக்காது. இரண்டாவது நாள் மூடியைத் திறந்தால் பூண்டு வாசனை தூக்கும், ஓரங்களில் குமிழி தெரியும். அப்புறம் உப்புநீர் மெல்லக் கலங்கிப் பால் கலந்த தண்ணீர்போல ஆகும், அடியில் வெள்ளையாக வண்டல் படியும். புதிதாகப் போடுபவர்கள் பயந்து கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அந்தக் கலங்கல் முழுக்க நல்ல பாக்டீரியா. கலங்கவே இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். அதே சமயத்தில் காயின் பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வரும். புளிப்பு ஏறும்போது பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் கழன்றுவிடுவதால் நேர்வது இது. கடை பிக்கிளும் அதே நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் ஊர் வெப்பத்தில் மூன்றாவது நாள் ஒரு காயைச் சுத்தமான கரண்டியால் எடுத்து வெட்டிப் பாருங்கள். நடுவில் இன்னும் வெள்ளையாக, ஓரம் கண்ணாடிபோலத் தெளிந்து இருந்தால் அது பாதிப் புளிப்பு. முழுக்கத் தெளிந்திருந்தால் முழுப் புளிப்பு. பிடித்த கட்டத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளேயும் புளிப்பு நிற்காது, நடை தளரும், அவ்வளவுதான். ஒரு வாரம் ஃபிரிட்ஜில் இருந்த பிறகு ருசி நன்றாகச் சேர்ந்திருக்கும். பாதிப் புளிப்பில் எடுத்ததைச் சில வாரங்களுக்குள் காலி செய்துவிடுங்கள், அதை வெளியே வைத்துப் பாதுகாக்கும் அளவுக்கு அதில் அமிலம் ஏறியிருக்காது.

புளிப்பை அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் பிஹெச் தாள் வாங்கிக்கொள்ளலாம். அதில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர முடியாது. நன்றாகப் புளித்த வெள்ளரி 4-க்கும் கீழே இறங்கிவிடும்.

எது கெட்டது, எது சும்மா

மேலே மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்தால் அது ஒருவகை ஈஸ்ட். ஆபத்தில்லை, விட்டுவைத்தால் ருசியைக் கெடுக்கும். எடுத்துப்போட்டுவிட்டுத் தொடருங்கள். பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தோடு விளையாடுகின்றன என்று அர்த்தம், தாராளமாகத் தின்னலாம். காய்க்குள் பொந்து விழுந்திருந்தால் ஒன்று காயே அப்படி விளைந்திருக்கும், அல்லது உள்ளே உண்டான வாயு வெளியேறாமல் ஊதியிருக்கும். சாப்பிடலாம், அழகு மட்டும் குறைவு.

ஆனால் பஞ்சுபோல, கறுப்பாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூஞ்சணம் பூத்திருந்தால், காய் வழவழவென்று கையில் நழுவினால், மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பவைக்கும் அழுகல் நாற்றம் அடித்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேல் காயை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அரைக் கிலோ வெள்ளரிப்பிஞ்சு என்ன விலை வந்துவிடப் போகிறது? ருசி பார்த்து முடிவுசெய்வதும் வேண்டாம்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உப்பைக் குறைத்தால் கெட்டுப்போகும் என்பதால், குறைத்துப் போட முடியாத ஊறுகாய் இது. ஆகவே குறைக்க வேண்டியது தின்னும் அளவை.

அவசரக்காரர்களுக்கு வினிகர் வழி

நாளை மாலை வீட்டில் விருந்து, நாலு நாள் காத்திருக்க முடியாது என்றால் வினிகரில் போடலாம். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் குறிப்புகள் 5 சதவீத வினிகரை மனதில் வைத்து, வினிகரும் தண்ணீரும் சரிபாதி என்று சொல்லும். நம் கடைகளில் கிடைக்கும் வினிகர் பல 4 சதவீதம்தான், பாட்டிலில் அச்சடித்திருப்பார்கள். அதைச் சரிபாதி கலந்தால் புளிப்பு குறைந்துவிடும். 4 சதவீத வினிகர் ஐந்து பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு என்று கலந்தால் அவர்கள் சொன்ன அதே வலு வரும்.

அரைக் கிலோ காய்க்கு 4 சதவீத வினிகர் 300 மில்லி, தண்ணீர் 180 மில்லி, உப்பு ஒரு மேசைக்கரண்டி, பிடித்தால் ஒரு தேக்கரண்டி சர்க்கரை. கொதிக்கவிட்டு, நீளவாக்கில் நான்காக வெட்டிய காயும் பூண்டும் டில்லும் அடுக்கிய பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தொட்டுக்கொள்ளலாம், இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும். ஃபிரிட்ஜிலேயே ஒரு மாதம் தாராளமாக இருக்கும். வெளியே அலமாரியில் வைத்து மாதக்கணக்கில் பாதுகாக்க வேண்டுமென்றால் பாட்டிலோடு வெந்நீரில் வைத்து மூடும் முறை தெரிந்திருக்க வேண்டும், அதற்கென்று சோதித்துப் பார்த்த குறிப்புகள் இருக்கின்றன. முதல் பாட்டில் போடுபவர் அதில் இறங்க வேண்டாம்.

காய் தீர்ந்த பிறகு மிஞ்சும் உப்புநீரைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். தானாகப் புளித்த நீர் என்றால் அதில் புளிப்பு, உப்பு, பூண்டு, டில் எல்லாம் இறங்கியிருக்கிறது. ரஷ்யாவில் ரசோல்னிக் என்ற சூப்பை இந்த வெள்ளரியையும் நீரையும் போட்டுத்தான் வைக்கிறார்கள், போலந்திலும் இதே வெள்ளரியில் ஒரு சூப் உண்டு. உருளைக்கிழங்கு வேகும்போது அரை டம்ளர் ஊற்றலாம், உப்பைத் தனியாகப் போடாமல். கோழியை ஊறவைக்கவும் ஆகும். அடுத்த பாட்டில் வெள்ளரியைப் புளிக்கவைக்க மட்டும் அதையே நம்பாதீர்கள். அதில் உப்பு பாதியாகக் குறைந்திருக்கும், புதிதாகக் கரைப்பதே நல்லது. சீக்கிரம் ஆரம்பிக்கட்டும் என்று வேண்டுமானால் இரண்டு கரண்டி பழையதைப் புதிய உப்புநீரில் கலந்துகொள்ளலாம்.